ரூட் கெனால்ல அடைக்கிற மெட்டீரியல் உள்ள இருக்கிற கிருமிய கொல்லுமா?

கடவாப்பல்:
3 வருஷம் முன்னாடி கீழ்க் கடவாப்பல்லுக்கு ரூட் கெனால் பண்ணி கேப்பும் போட்டாச்சு, வலியே இல்ல. போன வாரம் பக்கத்துப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தப்ப இந்தப் பழைய பல்லோட வேர் நுனியில கருப்பா வட்டமா ஒண்ணு தெரியுது, திரும்பத் தொறந்து பண்ணணும்னுட்டாங்க. நரம்பையே எடுத்துட்டு ரப்பர் மாதிரி ஒண்ண வச்சு அடைச்சாச்சே, அப்புறம் கிருமி எங்கேந்து வருது? இந்தத் தடவ பயோசெராமிக் சீலர் போட்டா பாக்டீரியா செத்துரும்ங்கறாங்க. நெஜமா? ராத்திரி பூரா நாக்கு அந்தப் பல்லுக்கேதான் போகுது.

எண்டோ பிஜி:
அந்த ரப்பர் கட்டாபெர்ச்சா, மரப்பால்லேந்து வர்றது, ஆனா அந்தக் குச்சியில பெரும்பங்கு ஜிங்க் ஆக்ஸைடுதான். கிருமிய கொல்ற சக்தி அதுக்கு ரொம்ப கம்மி. குச்சிக்கும் பல் சுவருக்கும் நடுவுல இருக்கற இடுக்க அடைக்கத்தான் சீலர். ஈரமா இருக்கறப்ப எல்லா சீலருமே ஓரளவு கொல்லும், ஜிங்க் ஆக்ஸைடு யூஜினால்ல யூஜினால் வெளிய வரும், எபாக்ஸி ரெசின்ல இறுகாத கெமிக்கல் இருக்கும், பயோசெராமிக்னு சொல்ற கால்சியம் சிலிகேட் பல்லுல இருக்கற ஈரத்த இழுத்து கால்சியம் ஹைட்ராக்ஸைடு உண்டாக்கும், பிஎச் 11, 12க்குப் போயிரும், அதாவது கடுமையான காரம். இறுகினதும் அந்த வேகம் நல்லாவே கொறஞ்சிரும், பயோசெராமிக்ல மட்டும் கொஞ்ச நாள் கூட நிக்கும்.

ஆனா கிருமி தனித்தனியா மெதக்கல, பிசின் மாதிரி ஒண்ண சுரந்து சுவத்தோட ஒட்டி கூட்டமா இருக்கு, அதான் பயோஃபிலிம். பல்லோட பெரும்பகுதியான டென்டின்ல 1லேந்து 2.5 மைக்ரான் அகலத்துக்கு குழாய் குழாயா இருக்கும், அதுக்குள்ளயும் பூந்துரும். கடவாப்பல் வேர்ல ரெண்டு கெனாலையும் சேர்க்கற ஒல்லி இடுக்கு இருக்கு, கெனால சுரண்டி சுத்தம் பண்ற ஃபைல்ங்கற ஊசி அங்க போகவே போகாது. மைக்ரோ சிடி, அதாவது ரொம்ப நுணுக்கமான 3டி எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா சுவர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபைல் தொடாமலேயே கெடக்கு. உங்க பல்லுல அங்க தங்குனதா இருக்கலாம், இல்ல கேப் ஓரமா எச்சில் கசிஞ்சு புதுசா போனதா இருக்கலாம்.

பயோஃபிலிம் லேப்:
எண்டோ பிஜி சொன்னதோட ஒண்ணு சேக்கறேன், எனக்கு இதான் தெனப்படி வேலை. என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ்ங்கற பாக்டீரியாவ டென்டின் துண்டுல 3 வாரம் வளத்து, மேல சீலர் தடவி, உயிரோட இருக்கறது பச்சையாவும் செத்தது செவப்பாவும் தெரியற சாயம் போட்டு கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்புல பாப்போம். சீலர் ஓரமா செவப்பு பட்டை, கொஞ்சம் உள்ள போனா பச்சை பச்சையா மின்னுது. டென்டினே காரத்த இழுத்து பிஎச்ச எறக்கிருது, போதாக்கொறைக்கு இந்த கிருமிக்கு புரோட்டான உள்ள பம்ப் பண்ணி காரத்த சமாளிக்கற தெறமையும் இருக்கு. கிருமி வளக்கற அகார் தட்டுல மருந்தச் சுத்தி கிருமி இல்லாத பெரிய வட்டம் வந்துச்சுன்னு விளம்பரம் காட்டினா நம்பாதீங்க, அந்த வட்டம் மருந்து எவ்ளோ தூரம் பரவுதுங்கறதப் பொறுத்தது, பயோஃபிலிமுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல.

கடவாப்பல்:
அப்ப சீலர் பேர விட்டுட்டு டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?

எண்டோ பிஜி:
ரப்பர் டேம், அதாவது எச்சில் உள்ள போகாம பல்லச் சுத்தி மாட்டற ரப்பர் ஷீட், போடுவீங்களான்னு மொதல்ல கேளுங்க, அது இல்லாம ஆரம்பிக்கவே விடாதீங்க. பயோஃபிலிம கரைக்கறது சோடியம் ஹைப்போகுளோரைட்தான், அத நெறையா, புதுசு புதுசா மாத்தி விட்டு அல்ட்ராசோனிக்ல கலக்கி விடணும், சுவர்ல படியற தூள் படலத்த எடுக்க 17% ஈடிடிஏ கரைசலும் வேணும். பழைய கட்டாபெர்ச்சாவ துளி விடாம எடுக்கணும், சுவர்ல ஒட்டியிருந்தா கிருமி அதுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். இவ்ளோ பண்ணியும் மிஞ்சறத வெளிய வர விடாம, சாப்பாடு கெடைக்காம அடைச்சு வைக்கறதுதான் சீலரோட பெரிய வேலை, அதனால முடிஞ்சதும் கேப்ப தள்ளிப் போடாதீங்க. அந்தக் கருப்பு ஒடனே போகாது, ஒரு வருஷத்துல எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, சிலருக்கு முழுசா ஆற 4 வருஷம் வரைக்கும் ஆகும்.

கடவாப்பல்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வலி இல்லையேன்னு அப்படியே விட்டுரலாம்னு இருந்தேன், நாளைக்கே ஃபோன் பண்ணி ரப்பர் டேம் பத்தி கேட்டுடறேன்.