பீட் எழுதிய வரலாறு: படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வடக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவி பீட், 731-இல் முடித்த 'ஆங்கில மக்களின் திருச்சபை வரலாறு' நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். அபாரமான நூல். யார் சொல்லிக் கேட்டோம் என்பதைக்கூட முன்னுரையில் வரிசையாகச் சொல்லிவிடுகிறார்.

ஆனால் ஓர் இடம் உறுத்துகிறது. செஸ்டர் போரில், வடக்கு ஆங்கில அரசான நார்தம்பிரியாவின் அரசன் ஏதல்ஃப்ரித், ஆங்கிலேயருக்கு முன்பே அந்தத் தீவில் வாழ்ந்த பிரித்தானியர்களின் துறவிகளைக் கொன்று குவிக்கிறான். 1,200 பேர் வரை என்கிறார் பீட். கொன்றவன் கிறிஸ்தவனே அல்ல. செத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். அப்படியும் இதை, ஆங்கிலேயரை மதம் மாற்ற ரோமிலிருந்து வந்த அகஸ்டின் முன்பே எச்சரித்த தண்டனையாகத்தான் காட்டுகிறார். பிரித்தானியர்களைப் போலவே ஈஸ்டர் தேதியில் ரோமைப் பின்பற்றாத ஐரிஷ் துறவி எய்டனைப் பற்றி மட்டும் அவ்வளவு பரிவு!

பிரித்தானியர்கள் ஆங்கிலேயருக்கு நற்செய்தி சொல்லவில்லை என்ற கோபம்தான் காரணமா? நூலைத் தன் காலத்து நார்தம்பிரிய அரசன் கியோல்வுல்ஃபுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறாரே, அதில் அரசியலும் உண்டா? அப்புறம், சிதறிக் கிடந்த அரசுகளை 'ஒரே ஆங்கில மக்கள்' என்று அவர் எழுதியது, பின்னாளில் 9-ஆம் நூற்றாண்டு ஆங்கில அரசன் ஆல்ஃபிரட் காலத்தில் எவ்வளவு தூரம் பயன்பட்டது? இதையெல்லாம் ஆழமாகப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியோடு இருப்பேன். எளிய கட்டுரைகள் இருந்தாலும் சொல்லுங்கள்.