டிரில் ரிசல்ட் வந்த ராத்திரி: உங்களுக்கும் நடந்ததா?

குப்பத்துக்காரன்

ஜூனியர் வைரக் கம்பெனிப் பங்கில் சூடுபட்டவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள், அதனால் விளக்கம் வேண்டாம். சுரங்கம் இன்னும் இல்லாத, வைரம் தேடுகிற சின்னக் கம்பெனி; கனடா வடக்கில் உறைந்த ஏரி மேல் ரிக்கை நிறுத்தித் துளை போடுகிற வகை. பணம் என்னுடையது, கணக்கு டொரண்டோவில் இருக்கிற மச்சானுடையது. 20,000 பங்கு, ஒன்று 7 சென்ட்.

ஏப்ரல் மாதம். நமக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே சந்தை திறக்கும். ஆறரைக்கே மச்சான் போன். "மாமா, கிம்பர்லைட் அடிச்சிட்டாங்க!" வைரம் இருக்கக்கூடிய பாறையாம். கூடவே ஒரு போட்டோ. நீளமான பெட்டியில் வரிசையாக அடுக்கிய உருளைக் கற்கள், சாம்பலும் பச்சையுமாக. போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், எங்கேயாவது மின்னுகிறதா என்று. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கல்லை உடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றாள்.

அன்று ராத்திரி 19 சென்ட். "வித்துடுங்க" என்றாள். மச்சான், "லேப் ரிசல்ட் வரட்டும் மாமா, அப்புறம் பாருங்க" என்றான். நான் மச்சான் பேச்சைக் கேட்டேன். மறுநாளே மாடி எடுக்க மேஸ்திரிக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்.

ஜூலையில் ரிசல்ட். வைரம் இருக்கிறதாம், ஆனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடி. 4 சென்ட். அப்புறம் பத்துக்கு ஒன்று என்று பங்குகளைச் சுருக்கினார்கள், என் இருபதாயிரம் இரண்டாயிரம் ஆனது. சுத்தமாக ஏமாற்றிவிட்டார்கள். மாடியில் கம்பி இன்னும் வானத்தைப் பார்த்து நிற்கிறது.

நகரி_தறி

நீங்களாவது வைரக் கம்பெனியை வாங்கினீர்கள். நான் வாங்கியது தங்கக் கம்பெனி, அதுவும் வைரம் என்று நினைத்து.

அறிக்கையில் கொட்டை எழுத்தில் 'டயமண்ட் டிரில்லிங் தொடக்கம்' என்று இருந்தது. எனக்கு அது போதும். யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒருநாள் டீக்கடையில் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துளை போடுகிறவர்தானே என்று பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டு வாயில் இருந்த டீயைத் துப்பாத குறை. "அண்ணே, துளை போடுற பிட்டு முனையில வைரம் பதிச்சிருக்கும், பாறையை உருளை உருளையா அறுத்து எடுக்க. அதுக்குப் பேருதான் டயமண்ட் டிரில்லிங். தங்கத்துக்கும் அதான், செம்புக்கும் அதான்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் கூடச் சிரித்தார், அவரிடம் எனக்குக் கடன் பாக்கி வேறு. இன்றைக்கும் அந்தக் கடைப் பக்கம் போனால் "வைரம், ஸ்ட்ராங்கா ஒரு டீயா?" என்றுதான் கேட்கிறார்கள்.

குண்டக்கல் ரயில்வே காலனி

கனடா எதற்கு? எங்கள் ஊரிலிருந்து வைரத்துக்குப் பேர்போன வஜ்ரகரூர் கூப்பிடு தூரம். ஜூனில் முதல் மழை விழுந்தால் போதும், ஜொன்னகிரி, துக்கலி பக்கம் வயல் பூராவும் ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் கல் தேடுவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

2015க்கு முன்னால் ஒரு கம்பெனி எங்கள் பக்கம் ஆய்வுக்கு வந்தது. கொஞ்ச நாள் அவர்களுக்கு மூட்டை தூக்கினேன். ஓடை மணலை அள்ளிச் சலித்து, சாக்கில் கட்டி, நம்பர் எழுதி அனுப்புவது வேலை. ஒரு சாயங்காலம் ஆய்வாளர் லென்ஸைக் கொடுத்து "பாரு" என்றார். உள்ளே நாவல்பழத் தோல் நிறத்தில் ஒரு பொட்டுக் கல். "இது வைரமா சார்?" என்றேன். "இல்லை, கார்னெட். வைரம் வருகிற பாறையில் இதுவும் வரும், இதைப் பிடித்துக்கொண்டு போனால் பாறை கிடைக்கலாம்" என்றார். அந்த 'லாம்' என் காதில் விழவே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன், அவ்வளவுதான். மறுவாரம் மாமா அத்தையின் வளையலை அடகு வைத்து, சாக்கு நிரப்பின ஓடை ஓரமாக ரெண்டு ஏக்கர் வாங்கிவிட்டார். சுரங்கச் சட்டம் மாறி உரிமம் எல்லாம் ஏலம் என்று ஆனது, கம்பெனி சத்தமில்லாமல் கிளம்பியது. நிலத்தில் இப்போது வேர்க்கடலை, மழை பெய்த வருஷத்தில் மட்டும். அத்தை என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

புத்தூர் சாயப்பட்டறை

குப்பத்து அண்ணா, 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதுவது நியாயமில்லை. கிம்பர்லைட் அடித்தோம் என்றார்கள், அடித்தார்கள். வைரம் அடித்தோம் என்று சொன்னார்களா? கிம்பர்லைட் என்பது வைரத்தைத் தூக்கி வரக்கூடிய வண்டி, அவ்வளவுதான். முக்கால்வாசி வண்டி காலியாகத்தான் வரும். சுரங்கமாகத் தேறுவது நூற்றில் ஒன்று.

என் கதை சின்னது: அண்ணன் பையன் மூலமாக வாங்கினேன், பாதி விலைக்கு விற்றேன், முடிந்தது. ஆனால் இனிமேல் வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். லேபில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நம் பட்டறையில் போடுகிற அதே காஸ்டிக் சோடாதான். பாறையை அதில் போட்டு உருக்கினால் மற்றதெல்லாம் கரையும், வைரம் மட்டும் நிற்கும். அதை 0.106 மில்லிமீட்டரில் தொடங்குகிற சல்லடைகளில் சலித்து எண்ணுவார்கள். அறிக்கையில் 'இத்தனை நூறு கற்கள்' என்று போட்டால் அந்த மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பெரிய கண் சல்லடையில் எத்தனை நின்றது என்று பாருங்கள். அப்புறம்தான் டன் கணக்கில் பாறை அள்ளி, 100 டன்னுக்கு எத்தனை கேரட், ஒரு கேரட் என்ன விலை என்று பார்ப்பது. அங்கேயும் கவிழும். 1991ல் ஃபிப்கே, புளூசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடா வடக்கில் லாக் டி கிரா ஏரிப் பக்கம் வைரம் கண்டுபிடித்ததும் ஊரே வைரப் பங்குக்கு ஓடியது. அங்கே 1998ல் எகாட்டி சுரங்கம் திறந்ததும் உண்மை. நடுவில் 1994ல் ட்லி க்வி சோ என்ற இடத்தின் பெரிய சாம்பிள் சொதப்பி, வான்கூவர் ஜூனியர்கள் ஒட்டுமொத்தமாக விழுந்ததும் உண்மை. சுரங்கம் ஆனாலும் நிம்மதி கிடையாது. அங்கேயே ஸ்னாப் லேக் சுரங்கத்தை 2015ல் மூடினார்கள், கியூபெக்கின் ரெனார்ட் சுரங்கம் 2023ல் நின்றது. இப்போது லேபிலேயே தயாரிக்கிற வைரம் வேறு வந்து விலையை இறக்கிவிட்டது.

இன்னொன்று, மச்சான் கணக்கில் பணம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை பேங்க் மூலமாகவே அனுப்பி உங்கள் பெயரில் வாங்கலாம். வருமான வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும்.

நகரி_தறி

அண்ணா, 2,50,000 டாலர் இருக்கிறவன் குப்பத்தில் ஏன் கம்பியோடு நிற்கிறான்?

குண்டக்கல் ரயில்வே காலனி

புத்தூர் சார், அந்தக் கார்னெட்டில் நிறம் பார்த்தே நல்லது கெட்டது சொல்ல முடியுமா? நான் பார்த்தது நல்ல ஊதா.

புத்தூர் சாயப்பட்டறை

நிறத்தை வைத்துச் சந்தேகப்படலாம். குரோமியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று லேபில் பார்த்தால்தான் தெரியும். நிலத்தை விற்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

குப்பத்துக்காரன்

புத்தூரு, நீங்கள் சொல்வது சரி, அறிக்கையை இப்போது திரும்பப் படித்தேன். வைரம் என்று எங்கேயும் இல்லை. 'ஊக்கமளிக்கிறது' என்று மட்டும் நாலு இடத்தில் இருக்கிறது.

மச்சான் நேற்று ராத்திரி மறுபடி மெசேஜ் போட்டிருக்கிறான். அதே ஏரி, தெற்குக் கரையில் புதுத் துளை போடப் போகிறார்களாம், பிப்ரவரியில், ஐஸ் கெட்டியானதும். இன்னும் பதில் போடவில்லை. மேஸ்திரி வேறு காலையில் வந்து, கம்பி துருப்பிடிக்கிறது, சிமெண்ட் பால் அடித்து வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.