[உதவி] தொண்டிப் பக்கம் வி-சாட் அடிக்கடி போகிறது, லேசர் நெட்டுக்குக் காத்திருக்கலாமா?

தொண்டிக்காரன்:
இறால் பண்ணையில் வி-சாட், அதாவது சின்னத் தட்டு வைத்து சாட்டிலைட்டில் எடுக்கும் நெட். நேற்று ராத்திரியும் இணைப்பு போய்விட்டது. குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்ற செய்தி போனுக்கு வராமல் ஒரு குளத்து இறால் முழுக்க மேலே வந்துவிட்டது. லேசரில் வரும் சாட்டிலைட் நெட் மழைக்கு நிற்காதாமே, உண்மையா? அவசரம்.

கீழக்கரை மெக்கானிக்:
எந்த பேண்ட் (ரேடியோ அலைவரிசை)? தட்டு எத்தனை அடி? மழையில் மட்டுமா, வெயிலிலும் போகிறதா?

வாடைக்காற்று:
எந்த மாதம்? மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் பகலில் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும், அதன் இரைச்சலில் சிக்னல் மறையும். அதுதான்.

அலைவரிசை மூத்தவர்:
ராத்திரி என்று எழுதியிருக்கிறார், சூரியன் எங்கே வந்தது? படித்துவிட்டுப் பதில் போடுங்கள். லேசர் பற்றியும் பத்து முறை சொல்லியாயிற்று. வி-சாட்டுக்கு வரும் கேயூ பேண்ட் ரேடியோவில் ஓர் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். மேகத்துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், ரேடியோவை ஒன்றும் செய்யாது. மழைத்துளியாகப் பெருத்தால்தான் சிக்னல் தேயும். லேசர் அலை 1,550 நானோமீட்டர், மேகத்துளியைவிடச் சிறியது. மழையே வேண்டாம், கனத்த மேகம் வந்தாலே சிதறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் வானம் எத்தனை நாள் வெளுத்திருக்கும்?

பாம்பன் பையன்:
அப்படி ஒதுக்காதீர்கள் அண்ணே. 2023இல் நாசாவின் டிபேர்ட் என்ற சோதனைக் கருவி சின்னத் துணைக்கோளிலிருந்து லேசரில் விநாடிக்கு 200 ஜிகாபிட் இறக்கியது!

அலைவரிசை மூத்தவர்:
கலிஃபோர்னியா மலைமேல், தலைக்கு மேலே கடக்கும் சில நிமிடங்களில். சேர்த்து வைத்து மொத்தமாக இறக்க அது சரி. இவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வரிச் செய்தி வரவேண்டும்.

பாம்பன் பையன்:
நாலு ஊரில் நிலையம் வைத்து, மேகம் இல்லாத இடத்தில் இறக்கி, கேபிளில் கொண்டுவரலாமே?

கீழக்கரை மெக்கானிக்:
பண்ணைக்குக் கேபிள் இருந்தால் வி-சாட் எதற்கு தம்பி? மேகத்துக்கு மேலே லேசருக்கு ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டார்லிங்க் துணைக்கோள்கள் தங்களுக்குள் லேசரில்தான் பேசுகின்றன. வீட்டுத் தட்டுக்கு இறங்குவது கேயூ ரேடியோ. சரி, தொண்டி அண்ணே, வெயிலிலும் போகிறதா?

தொண்டிக்காரன் (இரண்டு நாள் கழித்து):
போகும். சொல்ல விட்டுப்போயிற்று. விடியக்காலைதான் அதிகம்.

கீழக்கரை மெக்கானிக்:
அப்படியானால் மழை இல்லை. மோடத்தை அணைத்துவிட்டு, எல்.என்.பி.யில் (தட்டின் முன்னால் சிக்னலை வாங்கும் பெட்டி) கேபிள் ஏறும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றுக்கு நடு ஊசியில் பச்சைக் களிம்பு பிடிக்கும், பனி இறங்கினதும் சிக்னல் போகும். கேபிளை ஒரு சாண் வெட்டிப் புது கனெக்டர் போட்டு, மேலே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஏரேட்டருக்கு நெட்டை நம்பாமல் தனியாக ஒரு சைரனும் வையுங்கள்.

தொண்டிக்காரன்:
களிம்புதான். ஊசி பாதி அரித்துப்போயிருந்தது. மாற்றியாயிற்று, மூன்று நாளாக நிற்கவில்லை. சைரன் வாங்கப் போகிறேன். நன்றி.