நகல் இருந்தது, அசலைக் காணவில்லை

பாட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து, ‘கடிதங்கள்’ என்ற கோப்புறையில் சேர்த்துவந்தேன். நடுவில் ஒருநாள் அதைப் பிரதியெடுத்து ‘கடிதங்கள் நகல்’ என்று பெயர் வைத்தேன். அதன்பின் இன்னும் அறுபது கடிதங்கள் அசலில் மட்டும் சேர்ந்தன. வட்டில் இடம் போதாமல் போனபோது பழைய நகலை நீக்கிவிடலாம் என்று கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலைத் திறந்தேன். அழிக்கும் கட்டளையான ஆர்எம் (rm), கோப்புறையை உள்ளிருப்பவற்றோடு அழிக்கச் சிறுகோட்டுடன் ஆர் (-r), பிறகு கடிதங்கள் நகல் என்று தட்டி என்டரை அழுத்தினேன்.

‘நகல்’ என்று எதுவும் இல்லை என ஒரே ஒரு வரி வந்தது. எழுத்துப்பிழையாக இருக்கும் என்று, இருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். நகல் அப்படியே இருந்தது. அசலைக் காணவில்லை.

தட்டும் கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல்லைப் பொறுத்தவரை இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. நான் சொன்னது ஒரு கோப்புறை, அதற்குக் கேட்டது இரண்டு. முதலாவதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, இரண்டாவது கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறது. ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்கும் போவதில்லை. 2016 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் எல்எஸ், இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டுகிறது. தினமும் பார்த்திருக்கிறேன், அந்தக் குறியையும் சேர்த்துத் தட்ட வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

கடிதங்கள் அதற்குள் அத்தை வீட்டுக்குத் திரும்பியிருந்தன. மறுபடி போய் அறுபதையும் ஸ்கேன் செய்தேன். நீல நிற ஏரோகிராம் ஒன்று மடிப்போடு இற்றுப்போய், நடுவில் இரண்டு வரிகள் போய்விட்டன. முதல் ஸ்கேனில் அவை தெளிவாக இருந்தன. பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எதை அழிப்பதானாலும் அதே பெயரை முதலில் எல்எஸ்ஸுக்குக் கொடுக்கிறேன். திரையில் வருவது நான் நினைத்ததுதான் என்றால், மேல் அம்புக்குறியை அழுத்தி அதே கட்டளையை மீண்டும் வரவழைத்து, எல்எஸ் இருந்த இடத்தில் ஆர்எம் என்று மாற்றுகிறேன்.

* * *

மேலே உள்ளதைப் படித்ததும் மனம் கனத்தது. எனக்கு எதுவும் அழியவில்லை, ஆனால் இரண்டு நாள் தூக்கம் போனது. பழைய மேக் கணினியிலிருந்து கோப்புகளை லினக்ஸுக்கு மாற்றினேன். எல்எஸ் கொடுத்தால் ‘தொகுப்பு’ கண்ணெதிரே இருக்கிறது. கோப்புறைக்குள் போகும் சிடி (cd) கட்டளையோடு அதே பெயரைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்கிறது!

காரணம் ‘தொ’வில் இருந்தது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய கோப்பு அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் அதைப் பிரித்து வைத்திருந்தது, என் விசைப்பலகை சேர்த்துத் தட்டியது. லினக்ஸோ பெயர் சேமிக்கப்பட்டிருக்கும் பைட்டுகளை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும். ‘த’ மட்டும் தட்டி டேப் விசையை அழுத்தியதும் பெயர் தானே நிரம்பி, கோப்புறை திறந்தது. பிறகு கான்வ்எம்வி என்ற கருவியால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினேன். தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிக அவசியம்.

* * *

என் சிக்கல் வேறு, பெயரின் நீளம். நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவுகளுக்கு முதல் இரண்டு அடிகளையே பெயராக வைத்துவந்தேன். சில கோப்புகளை மட்டும் சேமிக்கவே முடியவில்லை, பெயர் நீளம் என்று பிழை வந்தது. லினக்ஸ் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடுகள், ஆகவே 6 பைட். ஆங்கிலத்தில் தாராளமாகக் கொள்ளும் நீளம் நமக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இப்போது பெயரில் ஊரும் எண்ணும் மட்டும் வைக்கிறேன். பாடல் அடிகள், அதே கோப்புறையில் ஓர் உரைக்கோப்பில் இருக்கின்றன.