வீட்டில் கர்ப்பிணி: பூனையை அனுப்பியே ஆக வேண்டுமா?

கோவை நித்யா:
எனக்கு மூன்றாம் மாதம். வீட்டில் நான்கு வயதுப் பூனை இருக்கிறது. பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது, யாருடைய தோட்டத்திலாவது கொண்டுபோய் விடு என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். டாக்டர் டார்ச் டெஸ்ட் (கருவைப் பாதிக்கும் தொற்றுகளைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை) எழுதிக் கொடுத்திருக்கிறார், ரிசல்ட் வரவில்லை. என்ன செய்யலாம்?

சேலம் செல்வம்:
அனுப்பிவிடுங்கள் சகோதரி. முடி விஷயம் கட்டுக்கதை, ஆனால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி நிஜம். கர்ப்பத்தின்போது முதல்முறையாகத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். அந்தக் கிருமியின் முட்டை வெளிவருவது பூனை இனத்தின் மலத்தில் மட்டும்தான்.

பூனைக்காரி:
எத்தனை நாள் வெளிவரும் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. பூனைக்கு முதலில் தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம், அப்புறம் பெரும்பாலும் நின்றுவிடும். அதுவும் மலம் போட்ட உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். தினமும் கணவர் அள்ளிப் போட்டால் முடிந்தது. 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வைப் பாருங்கள். ஆறு ஐரோப்பிய நகரங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த தொற்றில் 30 முதல் 63 சதவீதம் சரியாக வேகாத இறைச்சியால், 6 முதல் 17 சதவீதம் மண்ணால். பூனையோடு பழகுவது காரணமாகவே தெரியவில்லை.

சேலம் செல்வம்:
அது ஐரோப்பாக் கணக்கு. அங்கே இறைச்சியை உள்ளே சிவப்பாக இருக்கும்போதே சாப்பிடுவார்கள். நம் வீட்டில் மட்டனுக்கு ஆறு விசில். இறைச்சியின் பங்கு குறைந்தால் மண்ணின் பங்கு கூடும்தானே? மண்ணில் போடுவது யார்? நம் ஊர்ப் பூனை மாடி தாண்டிப் போய் எலி பிடித்துத் தின்றுவிட்டு வருகிறது, பச்சைக் கறியிலிருந்துதான் பூனைக்கே தொற்றும். பெட்டியில் மணல் போட்டு வளர்க்கிற பூனைக்கு எழுதின விதியை அதற்குச் சொல்லாதீர்கள்.

பூனைக்காரி:
நியாயமான கேள்வி. ஆனால் அந்த மண்ணில் போவது தெருவில் இருக்கிற அத்தனை பூனையும்தான். ஈர மண்ணில் முட்டை ஒரு வருடத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். நித்யா தன் பூனையை அனுப்பினாலும் பக்கத்தில் வீடு கட்டக் கொட்டிய மணல் அங்கேயே இருக்கும், மாடித் தொட்டியும் இருக்கும். செடி வேலைக்குக் கையுறை போடுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள். ஆறு விசில் சரி, கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியில் உப்புப் பார்க்கிறவர்களை என்ன சொல்ல? கறி வெட்டின பலகையிலேயே வெங்காயம் நறுக்குகிற வீடும் உண்டு.

நர்ஸ் ஜமுனா:
சண்டைக்கு நடுவில் ரிசல்ட்டைப் படிக்கச் சொல்லித் தருகிறேன். ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் பழைய தொற்று, பொதுவாகக் கவலை இல்லை. இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை வந்ததில்லை, இனி வராமல் பார்க்க வேண்டும். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் உடனே பதறாதீர்கள். அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், எப்போது வந்த தொற்று என்று பார்க்க அவிடிட்டி டெஸ்ட் இருக்கிறது. புதிய தொற்றாக இருந்தாலும் மருந்து உண்டு.

இன்னொன்று, நீங்கள் இருவரும் பேசாதது. வெளியே சுற்றும் பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டாயிற்றா? கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பம் என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள். அது கர்ப்பிணிக்கும் பாதுகாப்பான ஊசிதான்.

கோவை நித்யா:
ரேபிஸ் ஊசி போட்டாயிற்று. டெஸ்டில் இரண்டும் நெகட்டிவ். பூனை மாடிக்குப் போய் வரும். தினமும் பச்சைக் கோழி ஈரல்தான் சாப்பாடு.

சேலம் செல்வம்:
பார்த்தீர்களா! இந்த ரிசல்ட்டுக்குப் பிரசவம்வரை உங்கள் அம்மா வீட்டில் விடுவதே மேல். தோட்டத்தில் விடச் சொல்லமாட்டேன், அது பாவம்.

பூனைக்காரி:
அம்மா வீட்டுக்கு நித்யாவே பிரசவத்துக்குப் போவார் அண்ணா! ஈரலை வேகவைத்துக் கொடுங்கள், மாடிக்கதவைச் சாத்துங்கள், பால்கனிக்கு வலை அடியுங்கள். மலம் அள்ளுவது கணவர் வேலை.

சேலம் செல்வம்:
வலை அடித்து, கணவர் தினமும் அள்ளினால் வைத்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்து அவர் அள்ளுகிறாரா என்று கேட்பேன்.