வார்ப் பயணம்: எங்கே இடிக்கிறது?

பிரிக்ஃபீல்ட்ஸ் டீச்சர்:
படிவம் 5 மாணவர்கள் கேட்கிறார்கள். ஒளியை முந்திப் பயணிக்க இயற்பியலாளர் அல்குபியர் 1994-இல் சொன்ன வார்ப் குமிழி (கப்பலைச் சுற்றி வளைத்த வெளி) ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்குள்தான் அடங்குகிறது. பிறகு ஏன் கட்ட முடியாது?

ஜெலுத்தோங் வாசகர்:
டீச்சர், கப்பல் குமிழிக்குள் சும்மா இருக்கும். முன்னால் விண்வெளி சுருங்கும், பின்னால் விரியும். சிக்கல் குமிழியின் சுவரில். அதற்கு எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தைவிடக் குறைந்த ஆற்றல், வேண்டும். வெற்றிடத்தில் நெருக்கி வைத்த இரு உலோகத் தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கும் காசிமிர் விளைவில் அது துளியூண்டு கிடைக்கிறது: 1 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு வெறும் 0.0013 நியூட்டன் இழுவிசை. 100 மீட்டர் ஆரமுள்ள குமிழிக்கோ, இயற்பியலாளர்கள் ஃபென்னிங், ஃபோர்டு 1997-இல் போட்ட கணக்குப்படி, காணும் பேரண்டத்தின் நிறையே போதாது.

செந்தூல் வாசகர்:
ஆற்றல் கிடைத்தாலும் ஓட்ட முடியாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒளியை முந்தியதும் உள்ளிருந்து அனுப்பும் சமிக்ஞை முன்சுவரை எட்டாது. பிரேக் போடுவது எப்படி?

ஜெலுத்தோங் வாசகர்:
சரிதான். 2024-இல் வந்த எதிர்மறை ஆற்றல் தேவைப்படாத நேர்மறை ஆற்றல் வார்ப் வடிவமும் ஒளியைவிட மெதுவானதுதான்.