நாள் கடந்தும் பிரசவ நோ வரவில்லை: மருந்து போட்டு வரவழைப்பதா, காத்திருப்பதா?

நெடுங்கேணியிலிருந்து:

எனக்கு முதற்பிள்ளை. நேற்றோடு 40 கிழமை முடிந்துவிட்டது. நோவின் அறிகுறி எதுவும் இல்லை. 41 கிழமையாகியும் வராவிட்டால் விடுதியில் நிறுத்தி மருந்து போடுவோம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இதைக் கடந்து வந்த அக்காமார் யாராவது நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பயப்படுத்தினாலும் பரவாயில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து:

தங்கச்சி, எனக்குக் கிளினிக் அட்டையில் குறித்திருந்த பிரசவ நாள் டிசம்பர் 4. அந்த நாள் வந்தது, போனது. மறுநாள் காலையிலிருந்தே அயலவர்கள் படலையடியில் நின்று “இன்னும் இல்லையா பிள்ளை?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 10ஆம் தேதி கிளினிக்கில், “40 கிழமையும் 6 நாளும் ஆகிவிட்டது, நாளைக்கே வந்து நில்லுங்கள், மருந்து வைப்போம்” என்றார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வாங்கில் இருந்தபிறகுதான் கை நடுங்கியது.

அம்மா 1995 இடப்பெயர்வில் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தவர். அடுத்த வருடம் அண்ணாவைத் தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு ஆச்சியின் கையில் பெற்றார். அவருக்கு நாள்கணக்கு ஒன்றும் தெரியாது. “பழுத்தால் தானாக விழும், தடியால் அடிக்க வேண்டாம்” என்பது அவர் சொல். மாமி நேர்மாறு. அவருடைய தங்கைக்கு நாள் கடந்து பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருக்கிறது. இத்தனை வருடமும் வாய் திறக்காதவர், அன்றிரவு அடுப்படியில் வைத்து எனக்கு மட்டும் சொன்னார். இரண்டு பேரிலும் எனக்குக் குறையில்லை. இருவரும் தாம் கண்டதைத்தான் சொன்னார்கள்.

பையைக் கட்டும்போது பழைய பைலுக்குள் இருந்து ஒரு தாள் விழுந்தது. 11 கிழமையில் எடுத்த முதல் ஸ்கான். அதில் பிரசவ நாள் டிசம்பர் 13 என்று இருந்தது. அட்டையில் 4! எனக்கு மாதவிலக்கு எப்போதும் 37, 38 நாளுக்கு ஒரு முறைதான் வரும். கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்ற கணக்கு, 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவர்களுக்கானது. என்னைப் போன்றவர்களுக்குக் கரு பிந்தித்தான் தங்கும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கானை நம்பச் சொல்கிறார்கள். அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும். பிந்திய மாதங்களில் அப்படியில்லை, தாய் தகப்பனைப் பார்த்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். ஆகவே எட்டாம் மாத ஸ்கானை வைத்து நாளை மாற்ற முடியாது.

மறுநாள் அந்தத் தாளை நீட்டினேன். வைத்திய நிபுணர் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். சிவப்புப் பேனையால் 4ஐ வெட்டி 13 என்று எழுதி, பக்கத்தில் ஒப்பமிட்டார். 41 கிழமையாக இருந்த நான் அந்த நிமிடத்தில் 39 கிழமையும் 5 நாளும் ஆனேன். மாதக்கணக்காக அந்த இரண்டு நாளும் ஒரே பைலுக்குள் கிடந்திருக்கின்றன. யாருடைய கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

பிறகு கையால் சோதித்துவிட்டு, கருப்பைக் கழுத்து இன்னும் மூடி, இறுக்கமாக, பின்பக்கம் நிற்கிறது என்றார். கழுத்து எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா, எந்தப் பக்கம் நிற்கிறது, பிள்ளையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து 13க்குப் புள்ளி போடுகிறார்கள். எனக்கு 3. எட்டு அளவில் இருந்தால் மருந்து இலகுவாக வேலை செய்யும், என்னைப் போல் இருந்தால் முதலில் கழுத்தைப் பக்குவப்படுத்த வேண்டும், அதற்கே ஒரு நாள் போகலாம் என்று விளங்கப்படுத்தினார்.

அதன்பின் அவர் கேட்ட கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை. “இரவு பன்னிரண்டு மணிக்கு நோ எடுத்தால் எப்படி வருவீர்கள்?” எங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே. மார்கழியில் முத்தையன்கட்டுக் குளம் வான் பாயும். இரவில் வீதியில் யானை நிற்கும். “காத்திருக்கலாம், ஆனால் அங்கே இருந்து காத்திருக்க வேண்டாம்” என்றார். முள்ளியவளையில் சித்தி வீட்டுக்கு மாறினேன். மூன்று நாளுக்கு ஒரு முறை பிள்ளையின் இதயத்துடிப்பும் பனிக்குட நீரின் அளவும் பார்த்தார்கள். தானாக வராவிட்டால் 20ஆம் தேதி, சரியாக 41 கிழமையில், மருந்து என்று முடிவாயிற்று.

அந்த நாட்களில் நிறைய வாசித்தேன். உலக சுகாதார நிறுவனம் 41 கிழமை நிச்சயமாக முடிந்தவர்களுக்கு நோவை வரவழைக்கப் பரிந்துரைக்கிறது. சுவீடனில் 2019இல் வெளியான ஆய்வில், 41இல் மருந்து போட்ட பெண்களையும் 42 வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2,760 பெண்கள் சேர்ந்த நிலையில் இடையில் நிறுத்திவிட்டார்கள். காத்திருந்த பக்கத்தில் 6 பிள்ளைகள் இறந்திருந்தன, மற்றப் பக்கத்தில் ஒன்றுமில்லை. மருந்து போட்டால் சிசேரியன்தான் என்று அயலில் சொல்வதும் சரியில்லை. அமெரிக்காவில் முதற்பிள்ளைக்காரிகள் 6,106 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், 39இல் மருந்து போட்டவர்களில் 18.6 வீதமும் காத்திருந்தவர்களில் 22.2 வீதமும் சிசேரியனுக்குப் போனார்கள். மாமியின் தங்கையை நினைத்துக்கொண்டு அந்த 6 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

20ஆம் தேதி மாலை, கழுத்தைப் பக்குவப்படுத்த முதலில் பலூன் வைத்தார்கள். ஒரு மெல்லிய இறப்பர்க் குழாயைக் கழுத்துக்குள்ளால் விட்டு, நுனியில் உள்ள பலூனில் நீர் ஏற்றி, மற்ற முனையை இழுத்துத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டுகிறார்கள். வைக்கும்போது பல்லைக் கடித்தேன். பிறகு மாதவிலக்கு நாளின் குத்துப் போல இருந்தது. இரவு முழுவதும் விடுதி நடைபாதையில் அந்த வாலோடு நடந்தேன். விடியற்காலை கழிப்பறையில் அது தானாகக் கழன்று விழுந்தது. பயந்து கூப்பிட்டேன். “நல்லது பிள்ளை, கழுத்து திறந்துவிட்டது” என்று தாதி சிரித்தார். பனிக்குடத்தை உடைத்து, சேலைனில் நோவை வரவழைக்கும் ஒக்சிடோசின் மருந்தை ஏற்றினார்கள். இந்த நோ தானாக வரும் நோ போல மெதுவாகக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே உச்சத்துக்குப் போனது. இடுப்பு கழன்றது போல் கத்தினேன். மாலை 6.40க்கு மகள் பிறந்தாள், 3.1 கிலோ.

தங்கச்சி, உன் முதல் ஸ்கானை எடுத்து நாளை ஒப்பிட்டுப் பார். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேள். எங்கே இருந்து காத்திருக்கப் போகிறாய் என்பதையும் அதோடு முடிவெடு.

மல்லாவியிலிருந்து:

என் கதை வேறு. கர்ப்பத்தில் சீனி வருத்தம் வந்து இன்சுலின் போட்டேன். அதனால் 38 கிழமையிலேயே மருந்து வைத்தார்கள். காத்திருக்கும் தெரிவு எனக்கு இருக்கவில்லை. கழுத்தைப் பக்குவப்படுத்தும் ஜெல் இரண்டு முறை, பிறகு சேலைனில் மருந்து. கழுத்து ஐந்து சென்ரிமீற்றர் திறந்ததோடு நின்றுவிட்டது, பிள்ளையின் துடிப்பும் இறங்கத் தொடங்கியது. இரண்டாம் நாள் இரவு சிசேரியன். பிள்ளையின் குதியில் குத்தி, இரத்தத்தில் சீனி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நல்லவேளை இறங்கவில்லை. மருந்து போட்டதற்கு நான் வருந்தவில்லை. இரண்டு நாள் எடுக்கலாம் என்று முதலே ஒருவரும் சொல்லாததுதான் நெஞ்சில் நிற்கிறது. காலையில் போனால் மாலையில் பிள்ளையோடு இருப்பேன் என்று நினைத்துப் போனேன். இவர் வெளியே சாப்பிடாமல் நின்றிருக்கிறார்.

கிளிநொச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி):

பிள்ளைகளே, காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்க வேண்டாம். காலை 9 மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணுங்கள். 12 மணித்தியாலத்துக்குள் 10 வரவில்லையென்றால், அல்லது பத்து வந்தாலும் வழமையான அசைவு இல்லையென்று மனதுக்குப் பட்டால், உடனே போகவேண்டும். விடியட்டும் என்று படுத்திருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், இரவிலும் வரும். நீர் உடைந்து பச்சையாகவோ மஞ்சளாகவோ போனாலும், இரத்தம் கண்டாலும் அதே அவசரம்தான்.

ஆமணக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வயிற்றோட்டத்தில் களைத்துப்போய் விடுதிக்கு வந்தவர்களுக்குப் பிறகு தள்ளவே பலம் இருக்காது. நோவை வரவழைக்கும் என்று யாரோ தந்த குளிசையை வீட்டில் போடவே கூடாது. அதே மருந்தை வைத்தியசாலையில் மிகச் சிறு அளவில் கொடுத்து, பக்கத்தில் இருந்து துடிப்பைப் பார்க்கிறோம். அளவு கூடினால் கருப்பை விடாமல் இறுகும். அந்த இறுக்கத்தில் பிள்ளைக்கு மூச்சில்லை.

நெடுங்கேணியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இரவே முதல் ஸ்கானைத் தேடி எடுத்தேன். அட்டைக்கும் அதற்கும் 2 நாள்தான் வித்தியாசம், ஆகவே என் நாள் சரி. வெள்ளிக்கிழமை 41. இன்று கிளினிக்கில் கழுத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு விரல் திறந்திருக்கிறதாம், தலையும் இறங்கியிருக்கிறதாம். வியாழன் பின்னேரமே போய் நிற்கிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். இவரும் இரண்டு நாளுக்குச் சாப்பாட்டு ஒழுங்கு செய்துவிட்டார். இப்போது மணி பதினொன்றரை, இதை எழுதும்போதே ஏழு தரம் உதைத்துவிட்டான்.